ஆம்புலன்ஸா, மீட்புக் குழுவா, பக்கத்துத் தெருவா: அவசரச் சேவையில் தன்னார்வலராக எங்கே சேரலாம்?

அவசர மருத்துவச் சேவையில் தன்னார்வலராகச் சேர வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் பெரும்பாலானோர் மனதில் ஓடுவது சைரன் போட்டுக்கொண்டு பறக்கும் ஆம்புலன்ஸ்தான். நேரே போய் அதற்கே பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அவர்களில் பலரைக் காணோம். அக்கறை குறைந்து விலகியவர்கள் கொஞ்சம்தான். தங்கள் வாழ்க்கையோடு ஒட்டாத பொறுப்பை எடுத்துக்கொண்டு, ஷிஃப்டை மாற்றிக்கொடுக்க ஆள் தேடித் தேடி, வீட்டிலும் பேச்சு வாங்கி, கடைசியில் குற்ற உணர்ச்சியோடு ஒதுங்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். இவர்களில் பலர் இதே சேவையில் வேறொரு பொறுப்பை எடுத்திருந்தால் இன்றும் இருந்திருப்பார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பொதுவாக நான்கு வழிகள் உண்டு. ஆம்புலன்ஸில் ஷிஃப்ட் முறையில் போவது, வீட்டிலோ வேலையிடத்திலோ இருந்தபடியே பக்கத்தில் நடக்கும் அவசரத்துக்கு முதல் ஆளாக ஓடுவது, மீட்புக் குழுவில் இருப்பது, கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்?" என்றுதான் எல்லா விண்ணப்பத்திலும் கேட்பார்கள். அந்தக் கேள்வி பெரிதாக உதவாது என்பது என் எண்ணம். உங்களிடம் இருப்பது எந்த மாதிரி நேரம் என்று பாருங்கள். சிலரிடம் வாரத்தில் ஒரு இரவு முழுசாக இருக்கும், மற்ற நாட்களில் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. சிலருக்கு முழு இரவு என்பதே கிடையாது, ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பார்கள், கூப்பிட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அரை மணி நேரம் போய் வர முடியும். இந்த இரண்டு பேருக்கும் மணிக்கணக்கு ஒன்றாகவே வரலாம், ஆனால் ஒருவருக்குப் பொருந்துகிற வேலை மற்றவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் நிறைய பேர் இதிலேயே நின்றுவிடுகிறார்கள்: "நான் மருத்துவம் படிக்கவில்லையே, எனக்கெல்லாம் இது ஆகுமா?" ஆகும். பிரிட்டன், அயர்லாந்து கடற்கரைகளில் உயிர்காப்புப் படகுகளை ஓட்டும் ஆர்.என்.எல்.ஐ. 1824ல் தொடங்கியது, அதன் படகுக் குழுக்களில் பெரும்பாலானோர் இன்றும் தன்னார்வலர்கள், அவர்களில் கடல் தொழிலையே பிழைப்பாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்கள் எல்லோருமே சம்பளம் வாங்காதவர்கள், 1851ல் வால்பரைசோ துறைமுகத்தில் ஆரம்பித்த வழக்கம் அது. அமெரிக்காவின் ரோனோக் நகரில் 1928ல் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்பவர் தன்னோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மீட்புக் குழு தொடங்கினார். சிறுவனாக இருந்தபோது ஆற்றில் படகு கவிழ்ந்து ஆட்கள் மூழ்கியதையும், கரையில் நின்ற கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டவர் அவர். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் மனசு இல்லாமல் இல்லை, யாருக்கும் பழக்கம் இல்லை. பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்த அமைப்புகள் இருக்கின்றன.

சரி, ஆம்புலன்ஸிலிருந்து வருவோம்.

ஆம்புலன்ஸ் உங்களிடம் கேட்பது முழுத் துண்டாக இருக்கிற நேரம். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ, நீங்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும், பாதியில் எழுந்து வர முடியாது. பயிற்சியும் அதிகம். நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும் ஒரு கணக்குக்குச் சொன்னால், அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் அடிப்படைச் சிகிச்சை தரும் இ.எம்.டி. பயிற்சி ஏறத்தாழ 150 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், அதற்கு முந்தைய படியான முதல்நிலைப் பயிற்சி சுமார் 50, 60 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நோயாளியிடம் உங்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது.

உள்ளே போனதும் முதலில் புரிவது, சைரன் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான் என்பது. ஷிஃப்ட் ஆரம்பித்ததும் ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், சளி உறிஞ்சும் கருவியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், திடீரென்று நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியில் ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், கையுறை எல்லா அளவிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி வயதானவர் கீழே விழுந்தது, மூச்சுத் திணறல், சர்க்கரை இறங்கி மயக்கம், யாரும் கூட இல்லாமல் பயந்துபோன ஒருவர். மருத்துவமனை வாசலில் படுக்கை கிடைக்கும் வரை காத்திருப்பதிலேயே ஷிஃப்டின் நல்ல பகுதி போய்விடும் நாட்களும் உண்டு. திரைப்படக் காட்சிகளை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கேதான் சலித்துப்போகிறார்கள்.

எனக்கோ அந்தச் சாதாரண அழைப்புகள்தான் இந்த வேலையின் உயிர் என்று தோன்றும். முதியவர் ஒருவரை மாடிப்படியில் நாற்காலி ஸ்ட்ரெச்சரில் இறக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் மாட்டியாகிவிட்டது, மேலே ஒருவர், கீழே ஒருவர், முதல் படியில் சக்கரம் இறங்கியதும் அவர் பயத்தில் சட்டென்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு பிடியில் மூன்று பேருமே உருண்டு போகலாம். நல்ல குழுவில் தூக்குவதற்கு முன்பே ஒருவர் குனிந்து, "ஐயா, இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள், என் முகத்தையே பாருங்கள், ஒவ்வொரு படிக்கும் நான் சொல்லிவிட்டுத்தான் இறக்குவேன்" என்று சொல்லியிருப்பார். இதை எந்தத் தேர்விலும் மதிப்பெண் போட்டுக் கேட்பதில்லை, கூட வேலை செய்கிற மூத்தவரைப் பார்த்துத்தான் வரும். ஆம்புலன்ஸின் பெரிய லாபமே இதுதான்: நீங்கள் தனியாக இல்லை, பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்கிறார், வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள், ஷிஃப்ட் முடிந்தால் பொறுப்பும் முடிந்தது, போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம்.

நஷ்டமும் உண்டு. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களாக இருந்தால் கட்டாயம் செய்யாதீர்கள். முதுகு இன்னொன்று. தூக்கும் முறை தெரியாமல் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்வது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் காயம்.

இரண்டாவது வழியான ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச நினைக்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலர் ஆம்புலன்ஸுக்கு ஒரு படி கீழே என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஏற்பாடு எளிமையானது. உங்கள் வீட்டிலோ வண்டியிலோ ஒரு பை இருக்கும், அதில் கையுறை, மூச்சுக் கொடுக்கும் முகமூடி, ரத்தம் நிறுத்தும் கட்டுகள், இருந்தால் ஒரு ஏஇடி. பக்கத்தில் யாராவது விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸை அனுப்பும் அதே நேரத்தில் உங்கள் போனும் அடிக்கும். நீங்கள் ஓட வேண்டும். 1960களின் பிற்பகுதியில் புரூக்ளினில் யூத சமூகத்தினர் தொடங்கிய ஹட்சாலா இந்த முறையில்தான் வளர்ந்தது, இன்று பல நாடுகளில் ஆம்புலன்ஸ் சேவைகளே இதை நடத்துகின்றன.

இதன் பலம் முழுக்க நிமிடக் கணக்கில் இருக்கிறது. இதயம் திடீரென்று நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தவும் ஷாக் கொடுக்கவும் ஆளில்லை என்றால், போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே வரும். எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸாக இருந்தாலும் சாலையில்தானே வர வேண்டும். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்கு ஏஇடி பயிற்சி கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2000ல் வந்தது. ஷாக் கொடுத்தால் மீளக்கூடிய வகையில் இதயம் நின்று, விழுவதையும் ஒருவர் பார்த்திருந்த நிலையில், மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள், அதற்கு மேல் தாமதமானவர்களில் 49 சதவீதம். அந்தக் காவலர்கள் மருத்துவர்கள் இல்லை. பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஸ்டாக்ஹோமில், அருகில் இருக்கும் பயிற்சி பெற்றவர்களை அலைபேசி இருப்பிடத்தை வைத்து அழைத்துப் பார்த்த ஆய்வு 2015ல் வெளியானது. அப்படி அழைத்தபோது 62 சதவீத நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி, கிடைத்தது, அழைக்காதபோது 48 சதவீதம். பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் அந்த ஆய்வில் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். யாராவது உங்களிடம் "நீங்கள் போனால் உயிர் பிழைத்துவிடும்" என்று ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புபவர்கள், நல்ல சேவை உள்ள நாடுகளில்கூடப் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள்.

அதனால் இதில் சேர்கிறவர் தோல்வியைத் தாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதுவும் தனியாக. அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஆள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடப்பார், உங்களால் முட்டி போடக்கூட இடம் இருக்காது. முதல் வேலை சிபிஆர் இல்லை, அவரைக் கூடத்துக்கு இழுத்து வருவது. வீட்டார் ஒருவரைக் காலைப் பிடிக்கச் சொல்லி, அக்குளில் கை கொடுத்து இழுத்து, தலைப்பக்கமும் இடுப்புப்பக்கமும் இடம் கிடைக்கிற மாதிரி தரையில் போட வேண்டும், மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். அப்புறம் நெஞ்சின் நடுவில் கை வைத்து ஐந்து, ஆறு செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது வரை. சில அழுத்தத்திலேயே விலா எலும்பு நெரிகிற சத்தம் கேட்கலாம், கைக்கு அடியில் அது தெரியும், நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடத்தில் உங்கள் அழுத்தம் உங்களுக்கே தெரியாமல் ஆழம் குறைய ஆரம்பிக்கும், அதனால் பயந்து நிற்கும் பையனுக்கோ மருமகளுக்கோ அங்கேயே சொல்லிக்கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பொறுப்பெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் கிழித்துப் போட்ட உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள், வீட்டுப் பாட்டி ஒருவர் உங்களிடம் வந்து, "பொழச்சிடுவாராப்பா?" என்று கேட்பார். அதற்கு உண்மையாகவும் இரக்கமாகவும் ஒரு பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

அந்தப் பாட்டியை மறுநாள் நீங்கள் தெருவில் பார்ப்பீர்கள். ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டருக்கும் மற்ற எல்லாருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி யாரும் போதிய நேரம் பேசுவதில்லை. ஆம்புலன்ஸ்காரருக்கு அது ஒரு முகவரி. உங்களுக்குத் தெரிந்தவர் வீடு. உள்ளே என்ன பார்த்தீர்கள், யார் குடித்திருந்தார்கள், யார் என்ன மாத்திரை போட்டுக்கொண்டார்கள் என்பதை வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், உங்கள் வீட்டாரிடம்கூட. விஷயம் நாக்கு நுனியில் நிற்காதவர் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் ஆம்புலன்ஸே நல்லது.

நேரம் என்ற வகையில் பார்த்தால், இது துண்டு துக்கடா நேரத்தைக் கேட்கிறது, ஆனால் சொல்லாமல் கேட்கிறது. பல வாரம் போன் அடிக்காமலே இருக்கலாம். அடித்தால் குளித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கும். "இப்போது என்னால் முடியாது" என்று ஒரு பொத்தானை அழுத்தி ஒதுங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும், அதைத் தயங்காமல் பயன்படுத்தவும் வேண்டும். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு ஓடக் கூடாது, ஒரு வாய் குடித்திருந்தால்கூடப் போகக் கூடாது.

மீட்புக் குழு இதற்கு நேர் எதிர். ஆற்றில், பள்ளத்தில், இடிபாட்டில், காட்டில் மாட்டிக்கொண்டவர்களை எடுக்கும் வேலை. உண்மையான அழைப்பு எப்போதோதான் வரும், பயிற்சியோ வாராவாரம் இருக்கும். கயிற்றில் 8 வடிவ முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போட வர வேண்டும், அடுத்தவர் போட்ட முடிச்சைத் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், ஒவ்வொரு கயிறும் எப்போது வாங்கியது, எத்தனை முறை பாரம் ஏறியது என்று ஏட்டில் எழுத வேண்டும். ஜெர்மனியில் 1950ல் அமைந்த டி.எச்.டபிள்யூ. பேரிடர் அமைப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே தன்னார்வலர்கள்தான், கனரக இயந்திரங்களையும் பாலம் கட்டும் தளவாடங்களையும் அவர்கள் கையாள்வதற்குக் காரணம் சலிக்காத பயிற்சி. ஆகவே இந்த வழி கேட்பது, வருடம் முழுக்க மாறாமல் வருகிற, முன்கூட்டியே தெரிந்த நேரம். பயிற்சிக்கு ஒழுங்காக வராமல் விபத்தன்று மட்டும் வந்து நிற்பவரை நல்ல குழு களத்தில் இறக்காது. அவர் கோபித்துக்கொண்டாலும் இறக்காது.

காரணம், மீட்க வந்தவரே அடுத்த சவமாவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விஷயம். தொட்டி, குழி, சாக்கடை போன்ற மூடிய இடங்களில் நடந்த சாவுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986ல் எச்சரித்தது: இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள். ஒருவர் மயங்கி விழுவார், அண்ணன் இறங்குவான், அவனும் விழுவான், அடுத்து நண்பன். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமாக இருக்கும் இடத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் "வாடை ஒன்றும் இல்லையே" என்று இறங்குகிறார்கள். 1985ல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சி இல்லாத சாதாரண மக்கள் வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டி நூற்றுக்கணக்கானோரை உயிரோடு எடுத்தார்கள், அந்த முயற்சியில் அவர்களில் நூறு பேர் அளவுக்கு இறந்தும் போனார்கள். அந்த அனுபவத்தை நேரில் போய்ப் பார்த்து வந்த லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறைதான், மக்கள் எப்படியும் உதவத்தான் போகிறார்கள், உயிரோடு திரும்பி வருகிற மாதிரி சொல்லிக்கொடுப்போம் என்று சமூகப் பேரிடர் குழுவான செர்ட் பயிற்சியைத் தொடங்கியது. அடிப்படைப் பயிற்சி இருபது மணி நேரம் போல ஆகும். வாராவாரம் வர முடியாது, ஆனால் பெரிய பேரிடர் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது என்பவர்களுக்கு இந்த மாதிரி பயிற்சி நல்ல நடுவழி.

மீட்புக் குழுவில் கற்றுக்கொள்ளக் கடினமானது முடிச்சு இல்லை, போகாமல் இருப்பது. தண்ணீரில் தத்தளிப்பவரைப் பார்த்தால் முதலில் கரையிலிருந்தே ஒரு கழியை நீட்டு, எட்டவில்லையா, கயிற்றுப் பையை வீசு, அதுவும் ஆகவில்லையா, படகில் போ, நீந்திப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி. இதைத் தாளில் படித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எதிரில் ஒரு பெண் "என் பிள்ளை, என் பிள்ளை" என்று கதறும்போது, கயிறும் ஆட்களும் வந்து சேரும் வரை நாலு நிமிடம் கரையில் நின்று, அவரையும் குதிக்கவிடாமல் பிடித்துக்கொள்ள உங்களால் முடியுமா? முடியும் என்பவர்களுக்கும், முடியாது ஆனால் பழகிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. "நான் குதித்துவிடுவேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு இடம் தரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறேன். உடல் வலு வேண்டாம், வெயில் மழை இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் இதை லேசாக நினைப்பவர்கள் உண்டு. பல இடங்களில் முழுநேர ஊழியர்களே இதைச் செய்கிறார்கள், ஆனால் சமூக அளவில் நடக்கும் சேவைகளில் தன்னார்வலர்களும் போன் எடுக்கிறார்கள், வண்டி அனுப்புகிறார்கள். உண்மையில் ஒருவர் உயிருக்கு முதலில் கை கொடுப்பவர் இவர்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 1980களிலேயே போனில் சொல்லிச் சொல்லி சிபிஆர் செய்யவைக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டே கேள்விகள்: நினைவு இருக்கிறதா, சாதாரணமாக மூச்சு விடுகிறாரா? இதில் "சாதாரணமாக" என்ற சொல்லை விட்டுவிட்டால் எல்லாம் கெட்டது. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வாயைத் திறந்து திறந்து விக்கல் மாதிரி, குறட்டை மாதிரி இழுப்பு வரும். பார்க்கிறவர் "ஆமாங்க, மூச்சு இருக்கு" என்பார். அனுபவமுள்ளவர் அங்கே நிறுத்தி, "ஒவ்வொரு மூச்சு வரும்போதும் 'இப்போ' என்று சொல்லுங்கள்" என்பார். "இப்போ" என்று ஒரு குரல் வந்து, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே வராவிட்டால் அது மூச்சில்லை. உடனே போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று இவரே எண்ண ஆரம்பித்துவிடுவார்.

குரலை உயர்த்தாமல், கத்துகிறவரிடமும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பொறுமை இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே ஒரு வேதனை, முடிவு தெரியாது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்றதும் இணைப்பு துண்டிக்கப்படும், அடுத்த மணி அடிக்கும், அந்த மனிதர் என்ன ஆனார் என்று பல நேரம் கடைசிவரை தெரியவே தெரியாது. முடிவு தெரியாவிட்டால் தூக்கம் வராது என்கிற மனம் உள்ளவர்கள் இதில் தேய்ந்துபோவார்கள்.

இந்த நான்கும் இல்லாமல் பின்னால் நடக்கும் வேலையும் இருக்கிறது: வண்டிப் பராமரிப்பு, மருந்துக் கையிருப்பு, கணக்கு, பள்ளிகளில் முதலுதவி சொல்லிக்கொடுப்பது. இதற்கு ஆள் எப்போதும் பற்றாக்குறை, கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் யாருக்கு எது? என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மாணவராகவோ, மருத்துவத் துறைக்குப் போகலாமா என்று யோசிப்பவராகவோ இருந்தால் ஆம்புலன்ஸ், வேறு யோசனையே வேண்டாம், நோயாளியை இவ்வளவு பக்கத்தில், மூத்தவர் துணையோடு பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர், ஓய்வு பெற்று ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்காத நிலையில் இருப்பவர் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டராக இருந்தால் அந்தப் பகுதிக்கே பெரிய காப்பு, எந்த ஆம்புலன்ஸாலும் ஈடு செய்ய முடியாத ஒன்று அவரிடம் இருக்கிறது, அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். கைக்குழந்தை வீட்டில் இருக்கிறது, துணைவர் வேலைக்குப் போகிறார் என்றால் இப்போதைக்குக் கட்டுப்பாட்டு அறையோ பயிற்சி வகுப்போ போதும். குழந்தை வளர்ந்த பிறகு மாறிக்கொள்ளலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. மீட்புக் குழுவை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாற்பதைத் தாண்டிய நிதானமானவர்கள் கயிற்றுத் தளத்தில் தலைமை தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நாட்காட்டியை வைத்து முடிவு செய்யுங்கள். அடிக்கடி வெளியூர் போகும் வேலை என்றால் மீட்புக் குழு ஒத்துவராது.

எதுவுமே முடிவுக்கு வரவில்லை என்றால் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பயிற்சியில் தொடங்கி, அது முடிந்ததும் சில ஆம்புலன்ஸ் ஷிஃப்டுகளில் பார்வையாளராகப் போய் வாருங்கள். முதல் இறப்பை ஒரு குழுவோடு பார்ப்பதும் தனியாகப் பார்ப்பதும் ஒன்றில்லை. எந்த வழியில் போனாலும் மனதில் தங்கிவிடுகிற அழைப்பு ஒன்று வரும், பெரும்பாலும் குழந்தை சம்பந்தப்பட்டதாக இருக்கும். சில வாரம் கழித்தும் தூக்கம் கெடுகிறது, அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் படபடப்பு வருகிறது என்றால் அது பலவீனமில்லை, மனநல உதவி தேவை என்பதற்கான அடையாளம்.

ஆகவே சேர்வதற்கு முன் அமைப்பிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, மோசமான அழைப்புக்குப் பிறகு யார் என்னிடம் பேசுவார்கள் என்பது. "நம்ம ஆளுங்க எல்லாம் ஸ்ட்ராங்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். அடுத்து, பணியில் காயம் பட்டால் காப்பீடு உண்டா, நான் செய்த சிகிச்சை பற்றி வழக்கு வந்தால் யார் நிற்பார்கள், என் பயிற்சிக்கு மேற்பட்ட எதையும் செய்யச் சொன்னால் மறுக்கலாமா, மருத்துவ மேற்பார்வைக்கு ஒரு டாக்டர் இருக்கிறாரா, பயிற்சியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் உதவுபவரைக் காக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, ஆனால் அமைப்பின் சார்பில் கடமையாகப் போகிறவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயாளிகளின் படங்களைச் சமூக ஊடகத்தில் போடும் அமைப்பாக இருந்தால், எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், வேறு இடம் பாருங்கள்.

இதெல்லாம் யோசித்து முடிக்கும் வரை ஒரு வேலை காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தத்தோடு பழகும் பணி என்பதால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பெரும்பாலும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். வழக்கமான முறையில் அது மூன்று தவணை, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. எங்கே சேர்வது என்று முடிவாகாவிட்டாலும் முன்பே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு முதல் ஊசியை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள்.